கோர்ட் பெத்த பிள்ளை – டெல்லி சி.என்.ஜி. கதை

டிஸ்கி: "இதை வாங்கு, அதை வித்துடு" ரகப் பதிவு இல்லீங்க இது. பங்குச் சந்தையில் என் ராசி எப்படிப்பட்டதுன்னு படிச்சு முடிக்கும்போது உங்களுக்கே தெரிஞ்சுடும் :-)

2001-லிருந்து நாலு வருஷம் டெல்லியில் குப்பை கொட்டியவன் நான். ஜாகை முனீர்கா. போன புதுசில், ஏப்ரல் மாசம், ஒரு நாள் காலையில் ஸ்டாப்பில் நின்னா பஸ்ஸே வரலை. வந்த ஒண்ணு ரெண்டிலும் கூரை வரைக்கும் ஆள். அந்த வாரம் கடுப்பான ஜனங்க சில இடங்களில் பஸ்ஸைக் கொளுத்திட்டாங்க. என்னடா ஊர் இதுன்னு ஆபீசில் கேட்டேன். "கோர்ட் ஆர்டர்"னு ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

கதை ஆரம்பிச்சது 1985-ல். எம்.சி.மேத்தா என்கிற வக்கீல், டெல்லி வண்டிகளின் புகையைப் பத்தி சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார். அது பாட்டுக்கு ஊர்ந்துக்கிட்டிருந்தது. 1996-ல் அனில் அகர்வாலின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 'ஸ்லோ மர்டர்' என்ற அறிக்கையை வெளியிட்டதும் சூடு பிடிச்சது. 1998 ஜனவரியில் பூரே லால் தலைமையில் ஒரு ஆணையம் போட்டாங்க. அதே வருஷம் ஜூலை 28-ம் தேதி கோர்ட் உத்தரவு: 2001 மார்ச் 31-க்குள் டெல்லியில் ஓடும் அத்தனை டவுன் பஸ்ஸும் சி.என்.ஜி.க்கு மாறணும். 1990-க்கு முந்தைய ஆட்டோ, டாக்சி எல்லாம் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே போயிடணும். அப்போ டெல்லியில் இருந்த காஸ் பங்க் எத்தனை தெரியுமா? 9. அதை 80 ஆக்கச் சொன்னாங்க.

யாராவது ஒரு கம்பெனி சந்தையை அலசி, இங்கே தேவை இருக்குன்னு கண்டுபிடிச்சு முதல் போட்ட கதையில்லை இது. முதலில் உத்தரவு, பின்னாடிதான் கம்பெனி. 1998 டிசம்பரில் கெயிலும் பாரத் பெட்ரோலியமும் சேர்ந்து, டெல்லி அரசுக்கும் ஒரு சின்னப் பங்கு கொடுத்து, இந்திரப்பிரஸ்தா காஸ் கம்பெனியைப் பதிவு பண்ணினாங்க. உத்தரவு வந்து அஞ்சே மாசம்!

டீசலைச் சுத்தப்படுத்தினா போதாதா, ஏன் காஸ்? நியாயமான கேள்வி. பூரே லால் தரப்பு சொன்ன முக்கியமான பதில் எனக்குப் பிடிச்சது. டீசலில் மண்ணெண்ணெய் கலக்கலாம், காஸில் எதைக் கலப்பே? நம்ம ஊர் பங்க்குகளைத் தெரிஞ்சவங்க இதுக்கு மேலே விளக்கம் கேக்க மாட்டாங்க.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதில்லை. மத்திய அரசு போட்ட மஷேல்கர் குழு, 2002 ஜனவரியில் கொடுத்த இடைக்கால அறிக்கையில், "புகை இவ்வளவுக்கு மேலே வரக்கூடாதுன்னு அளவை மட்டும் சட்டமாக்குங்க, எந்த எரிபொருள்னு அரசு சொல்ல வேண்டாம்" என்றது. தர்க்கப்படி பார்த்தா அதுதான் சரின்னு இன்னிக்கும் எனக்குத் தோணுது. ஆனா அளவு பார்க்கிறவனுக்கு அம்பது ரூபா கொடுத்தா சர்டிபிகேட் வந்துடும் ஊரில் தர்க்கம் எவ்வளவு தூரம் ஓடும்? கோர்ட் அதை ஏத்துக்கலை. குழுவில் பொது சுகாதாரம் தெரிஞ்சவர் ஒருத்தர்கூட இல்லையேன்னு குட்டியது. 2002 ஏப்ரல் 5-ம் தேதி நீதிபதி கிர்பால் தலைமையிலான பெஞ்ச் கொடுத்த தீர்ப்பில், ஓடும் ஒவ்வொரு டீசல் பஸ்ஸுக்கும் ஒரு நாளைக்கு 500 ரூபாய் அபராதம், அப்புறம் 1000. அந்த வருஷக் கடைசிக்குள் டீசல் டவுன் பஸ் காணாமல் போச்சு. அனில் அகர்வால் பார்க்கக் கொடுத்து வைக்கலை. தீர்ப்புக்கு மூணு மாசம் முன்னாடி, ஜனவரி 2-ம் தேதி, புத்துநோயில் போயிட்டார்.

நடுவில் கஷ்டப்பட்டது யாருன்னா, ஆட்டோக்காரங்க. ஒரு குளிர்கால ராத்திரி பச்சை-மஞ்சள் ஆட்டோ ஒண்ணில் வந்தேன். பீகார்காரர். மத்தியானம் கியூவில் நின்னு ராத்திரிதான் காஸ் பிடிச்சாராம். வண்டிக்குள்ளேயே தூங்கி, முன்னாடி வண்டி நகர்ந்தா எழுந்து தள்ளி, மறுபடி தூங்கி... "பாதி நாள் கியூ, பாதி நாள் சவாரி, வாடகை மட்டும் முழு நாளுக்கு" என்றார். வாடகை வண்டி, பாவம்.

கியூவுக்குக் காரணம் காஸ் பத்தாததுன்னு மட்டும் நினைக்காதீங்க. குழாய் நேரடியா வந்து, பெரிய கம்ப்ரசர் வச்ச பங்க்குக்கு 'தாய்' ஸ்டேஷன்னு பேர். குழாய் போகாத இடத்தில் இருக்கிறது 'மகள்' ஸ்டேஷன். தாய் வீட்டிலிருந்து லாரியில் சிலிண்டர் அடுக்கி மகள் வீட்டுக்குச் சீர் போகும். வண்டியில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பணும். லாரி சிலிண்டர் காலியாக ஆக அழுத்தம் குறையும். மாடித் தொட்டியில் தண்ணி அடிமட்டத்துக்குப் போனா குழாயில் நூலாட்டம் வருமே, அதே கதைதான். நிரப்ப நேரமாகும், டாங்கும் நிறையாது. பாதி டாங்கோடு போனவர் சாயங்காலமே மறுபடி கியூவில் நிப்பார்.

2003 கடைசியில் அந்த கம்பெனி பங்கு வெளியிட்டது, 48 ரூபாய் விலையில். மதுரையிலிருந்து அக்கா வீட்டுக்காரர் போன் பண்ணினார். "மாப்ள, நீ அங்கனதான இருக்க, எப்படி கம்பெனி? போடலாமா?"

நான் பெரிய மேதாவி இல்லையா? "வேணாம் மச்சான், மணிக்கணக்கா கியூ நிக்குது, அரசாங்க சமாச்சாரம், உருப்படாது"ன்னுட்டேன். கடை வாசலில் கூட்டம் நிக்குதுன்னா கடை ஓடுதுன்னு அர்த்தம் என்கிற பெட்டிக்கடை ஞானம்கூட எனக்கு இல்லை. அதுவும் கோர்ட்டே வாடிக்கையாளரைப் பிடிச்சுக் கொண்டு வந்து விட்ட கடை! 2017-ல் பங்கை அஞ்சாகப் பிரிச்சாங்க, 2025 ஜனவரியில் ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ். அன்னிக்கு வாங்கி வச்ச ஒரு பங்கு இன்னிக்குப் பத்து.

ஆனா உத்தரவில் பிறந்த பிள்ளைக்கு உத்தரவால்தான் கண்டமும். 2012 ஏப்ரலில் ஒழுங்குமுறை வாரியம் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னதும் பங்கு தடாலடியா விழுந்தது. விலை வைக்க வாரியத்துக்கு அதிகாரமே இல்லைன்னு 2015-ல் சுப்ரீம் கோர்ட் சொல்ற வரை இழுபறி. 2014-ல் உள்நாட்டு மலிவு காஸை வண்டிக்கும் வீட்டு அடுப்புக்கும் முன்னுரிமையா ஒதுக்கினாங்க, கொழிச்சது. 2024 அக்டோபர், நவம்பரில் அடுத்தடுத்து ரெண்டு தடவை அந்த ஒதுக்கீட்டில் கை வச்சாங்க. நவம்பர் 18 ஒரே நாளில் கிட்டத்தட்ட அஞ்சில் ஒரு பங்கு மதிப்பு காலி. நடுவில் 2023-ல் டெல்லி அரசு இன்னொரு கணக்குப் போட்டது: ஆப் டாக்சி, டெலிவரி வண்டியெல்லாம் 2030 ஏப்ரலுக்குள் மின்சாரத்துக்கு மாறணுமாம். டீசலுக்கு அன்னிக்குக் கொடுத்த கெடு மாதிரியே ஒரு கெடு, இப்போ காஸுக்கு.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் மச்சானிடம், என் பேச்சைக் கேட்டு ஏமாந்தீங்களேன்னு வருத்தமாச் சொன்னேன். சிரிச்சார். "உன் பேச்சை யாரு மாப்ள கேட்டா? நான் அப்பவே போட்டுட்டேன்ல. லிஸ்டிங் ஆன அன்னிக்கே வித்து உங்க அக்காவுக்கு வளையல் வாங்கிக் குடுத்தாச்சு."

அக்கா கையைப் பார்த்தேன். அதே வளையல்தான் போட்டிருந்தா.