சீர்திருத்தமும் போரும்: அமெரிக்கக் கறுப்பின மக்கள் கண்ட இருபது ஆண்டுகள்

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளை அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் 'முற்போக்குக் காலம்' என்று பெயரிட்டு அழைப்பர். பெயருக்கேற்ற செயல்கள் பல அக்காலத்தில் நிகழ்ந்தன என்பதை மறுப்பதற்கில்லை. சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களின் அவலத்தை அப்டன் சிங்கிளர் ஒரு நாவலாக வடித்தார். அந்நூல் வெளிவந்த 1906ஆம் ஆண்டிலேயே உணவு, மருந்து ஆகியவற்றின் தூய்மையைக் காக்கும் சட்டம் பிறந்தது. இரயில் பாதைகளையும் எண்ணெய் வாணிகத்தையும் தம் பிடிக்குள் வைத்திருந்த பெருமுதலாளிகளின் கூட்டு நிறுவனங்கள் நீதிமன்ற ஆணையால் உடைக்கப்பட்டன. 1911இல் நியூயார்க் நகரத்துத் தையல் ஆலையொன்றில் மூண்ட தீயில் 146 தொழிலாளர், அவருள் பெரும்பாலோர் இளம்பெண்கள், மாண்டனர். அதன் பின்னர்த் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1913இல் வருமான வரியும், செனட் சபை உறுப்பினரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் முறையும் அரசியல் சட்டத்தில் இடம் பெற்றன. 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது.

இவற்றைப் பாடநூல்கள் விரித்துரைக்கின்றன. ஆனால், 1865இல் அடிமைத்தளை நீங்கி, 1870இல் வாக்குரிமை பெற்ற கறுப்பின மக்கள், தென்மாநிலங்களில் அவ்வுரிமையை அடியோடு இழந்து நின்றதும் இதே காலத்தில்தான். சீர்திருத்தம் அவர்களை மறந்துவிட்டது என்று சொல்லிக் கடந்துவிடுவோர் உண்டு. நடந்தது மறதி அன்று. அந்த உரிமைப் பறிப்பே சீர்திருத்தம் என்னும் பெயரோடுதான் வந்தது.

வாக்குகள் விலைக்கு வாங்கப்படுகின்றன, தேர்தலைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று தென்மாநிலத் தலைவர்கள் முழங்கினர். வாக்கை விற்பவனையும் வாங்குபவனையும் தண்டிப்பதை விடுத்து, வாக்காளர் பட்டியலையே தூய்மைப்படுத்தப் புகுந்தனர்! 1890இல் மிசிசிப்பி மாநிலம் வழிகாட்டியது. தலைவரி கட்டாதவனுக்கு வாக்கில்லை. எழுத்தறிவுத் தேர்வில் தேறாதவனுக்கு வாக்கில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையரும் பலர் இருந்தனர் அல்லவா? அவர்களைக் காக்க, 1898இல் லூசியானா மாநிலம் 'பாட்டன் விதி' ஒன்றை வகுத்தது. 1867ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாக்குரிமை பெற்றிருந்தோரும், அவர்தம் மகனும் பேரனும் தேர்விலிருந்து விலக்குப் பெறுவர் என்பதே அவ்விதி. அந்நாளில் அங்கு எந்தக் கறுப்பனின் பாட்டனுக்கு வாக்கு இருந்தது? சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லே இல்லை. சொல் இல்லாமலே வேலை முடிந்தது. 1896இல் அம்மாநிலத்தில் 1,30,000க்கு மேற்பட்டிருந்த கறுப்பின வாக்காளர் தொகை 1904இல் 1,342 ஆகச் சுருங்கியது.

கட்சி வேட்பாளரைத் தலைவர்கள் அறைக்குள் அமர்ந்து முடிவு செய்யும் வழக்கத்தை ஒழித்து, கட்சியின் வாக்காளரே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல் முறை வந்ததையும் முற்போக்கின் வெற்றியாகவே கொண்டாடுவர். தெற்கிலோ, கட்சி என்பது தனியார் சங்கம், அதில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் என்று விதி செய்தனர். அங்கு ஒரு கட்சியே என்றும் வெல்லுமாதலின், முதனிலைத் தேர்தலே உண்மைத் தேர்தல். இக்கதவு 1944ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை மூடியே கிடந்தது. வட கரோலினாவிலிருந்து நாட்டுப் பேரவைக்குச் சென்றிருந்த ஜார்ஜ் ஒயிட் 1901இல் விடைபெற்ற பின்னர், 28 ஆண்டுகள் அப்பேரவையில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட அமரவில்லை.

இனி, நாடு விரிந்த கதையைக் காண்போம். 1898இல் ஸ்பெயின் நாட்டோடு அமெரிக்கா போர் தொடுத்தது. கியூபா தீவில் சான் ஹுவான் குன்றுகளைப் பிடித்த ஜூலை 1ஆம் நாள் போரில் கறுப்பினப் படையணிகள் முன்னின்று பொருதன. அப்போரால் புகழ் பெற்றுப் பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட் முதலில் அவ்வீரர்களைப் பாராட்டினார். மறு ஆண்டே, வெள்ளை அதிகாரிகள் இல்லையேல் அவர்கள் நிலைகுலைந்துவிடுவர் என்னும் பொருள்பட எழுதினார். கியூபாப் போர் ஓய்ந்த அதே 1898இல், நவம்பர் 10ஆம் நாள், வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் முறைப்படி அமைந்திருந்த நகராட்சியைத் துப்பாக்கி முனையில் கவிழ்த்தது. கறுப்பின மக்கள் பலரைக் கொன்று குவித்தது.

ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளை 2 கோடி டாலருக்கு அமெரிக்கா பெற்றது. விடுதலை கேட்ட அத்தீவு மக்களோடு 1899 முதல் 1902 வரை கொடும்போர் நிகழ்ந்தது. அங்கும் கறுப்பினப் படையணிகள் அனுப்பப்பட்டன. தம்மை வீட்டில் எச்சொல்லால் இழிவுபடுத்தினரோ அதே சொல்லால் வெள்ளைச் சிப்பாய்கள் பிலிப்பினோக்களை அழைப்பதை அவர்கள் செவியால் கேட்டனர். 24ஆம் படையணியைச் சேர்ந்த டேவிட் ஃபேகன் என்பவர் 1899இல் அணியை விட்டு நீங்கிப் பிலிப்பினோ விடுதலைப் படையில் சேர்ந்து தளபதியானார். கைப்பற்றிய தீவுகளில் அமெரிக்க அரசியல் சட்டம் முழுமையாகச் செல்லாது என்று 1901இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. தென்மாநிலத்தார்க்கு இது நல்ல துணையாயிற்று. தீவுகளில் உள்ள கறுத்த மக்கள் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர் என்றால், எம் ஊர்க் கறுப்பர் மட்டும் எப்படித் தகுதி பெறுவர் என்று கேட்டனர். வெளியே பேரரசும் உள்ளே நிறவெறியும் ஒன்றற்கொன்று சான்று சொல்லி வாழ்ந்தன.

ரூஸ்வெல்ட், 1901 அக்டோபரில் டஸ்கிகி கல்விக்கூடத்தின் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகையில் தம்முடன் உணவருந்த அழைத்தார். தெற்கு கொதித்தெழுந்தது. ஒரு வேளை உணவுக்கு இத்தனை கூச்சலா என்று வியப்போர், நம் நாட்டுச் சமபந்திகளின் வரலாற்றை நினைத்துக் கொள்க. அதே ரூஸ்வெல்ட்தான் 1906இல் டெக்சாஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் நகரில் நள்ளிரவில் நடந்த துப்பாக்கிச் சூட்டிற்காக, விசாரணை ஏதுமின்றி, 167 கறுப்பின வீரர்களைப் படையிலிருந்து மானமழித்து வெளியேற்றினார். அவ்வாணை தேர்தல் முடிந்த பின்னரே வெளியிடப்பட்டது. அரசு தன் தவற்றைத் திருத்தியது 1972இல்.

1912 தேர்தலில் வுட்ரோ வில்சனை நம்பி வாக்களித்த கறுப்பினத் தலைவர்களுள் அறிஞர் டு பாய்ஸும் ஒருவர். 1913இல் வில்சன் பதவியேற்ற சில திங்களில், ஒரே அறையில் பணியாற்றி வந்த கறுப்பின எழுத்தர்களை அஞ்சல் துறையும் கருவூலத் துறையும் தனியே பிரித்தன. உணவறையும் கழிப்பறையும் பிரிந்தன. மறு ஆண்டு முதல் அரசுப் பணிக்கு விண்ணப்பிப்போர் நிழற்படம் இணைக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதன் நோக்கத்தை விளக்கவும் வேண்டுமோ! அந்த 1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில்தான் அண்ணல் அம்பேத்கர், பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். கறுப்பின மக்களின் போராட்டத்தை அவர் பின்னரும் கருத்தூன்றிக் கவனித்து வந்தமைக்கு, 1946இல் அவர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதம் சான்று.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. மக்களாட்சிக்குப் பாதுகாப்பான உலகம் அமைப்பதே நோக்கம் என்றார் வில்சன். படைக்குப் பெயர் பதியும் படிவத்தில், ஆப்பிரிக்க வழியினராயின் கீழ்மூலையைக் கிழித்துவிடுக என்று அச்சிட்டிருந்தனர். ஏறத்தாழ 3,80,000 கறுப்பினத்தார் படையிற் சேர்ந்தனர். பிரான்சுக்குச் சென்ற 2 லட்சம் பேரில் போர்முனை கண்டோர் 42,000 பேரளவில்தான்; ஏனையோர் கப்பலில் மூட்டை இறக்கினர், பாதை அமைத்தனர், போர் முடிந்தபின் பிணங்களைத் தோண்டியெடுத்து மறுபடி அடக்கம் செய்தனர். எந்தப் பணி யாருக்கென ஒதுக்கப்படும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. நியூயார்க் ஹார்லெம் பகுதியில் திரட்டிய 369ஆம் படையணியை அமெரிக்கத் தளபதிகள் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்துவிட்டனர். அவ்வணி 191 நாள் போர்முனையில் நின்று பிரான்சின் வீர விருதைப் பெற்றது. 1918 மே மாதத்து இரவொன்றில் பகைவர் கூட்டத்தைக் கத்தியும் கையுமாக எதிர்த்து நின்ற ஹென்றி ஜான்சனுக்கு அவர் தாய்நாடு தன் உயரிய விருதை வழங்கியது 2015இல்!

டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் 1917 ஆகஸ்டில் காவலர்களின் கொடுமை பொறாது கறுப்பின வீரர் கிளர்ந்தெழுந்தனர்; வெள்ளையர் பலர் மாண்டனர். 19 வீரர் தூக்கிலிடப்பட்டனர். அவருள் 13 பேர் மேல்முறையீட்டுக்கே இடமின்றி ஒரே விடியலில். அவ்வழக்குகளில் தண்டனை பெற்ற 110 பேரின் தீர்ப்புகளையும் அந்நாட்டுப் படைத்துறை 2023இல் தள்ளுபடி செய்தது.

போர்க்காலத்தில் நம் குறைகளை ஒதுக்கி வைத்து நாட்டோடு தோள் சேர்வோம் என்று 1918 ஜூலையில் டு பாய்ஸ் எழுதினார். நம்மவர் பலர் அதனைப் பணிவு என்று இகழலாம். இரத்தம் சிந்தினால் உரிமை வரும் என்று நம்பியது அவர் ஒருவர் மட்டும் அல்லர். வந்தது 1919ஆம் ஆண்டின் கோடைக்காலம். சிகாகோவில் ஏரியில் நீந்திய 17 வயதுச் சிறுவன் வெள்ளையர் பக்கம் மிதந்து சென்றதற்காகக் கல்லெறிபட்டு மூழ்கினான். கலவரத்தில் 38 பேர் மாண்டனர். ஆர்கன்சாஸ் மாநிலத்து எலெய்ன் பகுதியில் பருத்திக்கு நியாய விலை கேட்டுக் குத்தகை உழவர் சங்கம் கண்டனர். செப்டம்பர் 30ஆம் நாள் இரவு தேவாலயத்தில் அவர்கள் கூடிய கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு எழுந்தது; அடுத்த நாள்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்பர். ஆனால் மரண தண்டனை பெற்றோர் 12 கறுப்பின உழவர். அடிமையாய்ப் பிறந்து வழக்கறிஞரான சிபியோ ஜோன்ஸும், 1909இல் தோன்றிய கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கமும் அவ்வழக்கை விடாது நடத்தினர். 1923இல் உச்சநீதிமன்றம் குறுக்கிட்டது. 1925க்குள் பன்னிருவரும் விடுதலையாயினர்.

கல்விச் சங்கத்தின் மலரில் பள்ளிகளைப் பற்றிச் சொல்லாது விடுதல் முறையன்று. அரசு கைவிட்ட சிற்றூர்களில், ஜூலியஸ் ரோசன்வால்ட் என்னும் யூத வணிகரின் கொடையோடு 1932க்குள் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அவர் கொடை முழுச் செலவையும் ஏற்காது. ஊரார் தம் பங்கைத் தந்தாக வேண்டும். கோழி விற்றும், பள்ளிக்கென ஒரு துண்டு நிலத்தில் பருத்தி விதைத்தும், மரம் சுமந்தும் கறுப்பின மக்கள் அளித்தது ஏறத்தாழ 47 லட்சம் டாலர்; நிதியத்தின் கொடையினும் அது சற்று மிகுதி. பள்ளி வரியை முன்பே கட்டியவர்கள் அவர்கள் என்பதையும் எண்ண வேண்டும்.

போர்ப்படையில் கறுப்பின அதிகாரிகளுக்கென 1917இல் நடந்த டிமாய்ன் பயிற்சி முகாமில் தேறியவர்களுள் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்னும் இளம் ஆசிரியர் ஒருவர். (மேற்சொன்ன நகரோடு இவருக்குப் பெயரொற்றுமை தவிரத் தொடர்பில்லை.) படையிற் பட்ட இழிவுகளே, திருப்பி அடிக்க இயலாதவர்களுக்காகச் சட்டம் பயில வேண்டும் என்ற உறுதியை அவருக்குத் தந்தன. ஹார்வர்டில் பயின்று, ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் தலைவரானார். 1930களில் படக்கருவியுடன் தென் கரோலினாவுக்குச் சென்று, கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகளையும் வெள்ளையர் பள்ளிகளையும் படம் பிடித்தார். பள்ளிகளில் நிறப்பிரிவு செல்லாது என்ற 1954 மே 17ஆம் நாள் தீர்ப்பைப் பெற்றவர் அவர் மாணவர் தர்குட் மார்ஷல். ஆசிரியர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். அத்தீர்ப்பில் அடங்கிய வழக்குகளுள் ஒன்று தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்திலிருந்து வந்தது. அவ்வூர்ப் பெற்றோர் முதன்முதலில் கேட்டது, தம் பிள்ளைகள் மைல் கணக்கில் நடக்காதிருக்க ஒரு பள்ளிப் பேருந்து.