நாக்குப் பிசகும் நம்பிக்கைப் பிசகும்

பண்டார் தெங்காரா காட்டை அழித்துக் கட்டிய ஊர். 1972இல் அமைக்கப்பட்ட மலேசியாவின் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமான கெஜோரா, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எழுப்பிய புதுநகரங்களில் அதுவும் ஒன்று. அந்த வட்டாரத்துச் சாலைகளில் எவ்வளவு தூரம் போனாலும் இரு பக்கமும் செம்பனைதான். 1996இல் மகாதீர் பிரதமராக இருந்தபோது தொடங்கிய லங்காவி சைக்கிளோட்டம், தீவின் பெயரைத் தாங்கினாலும், தீபகற்பத்தின் இப்படிப்பட்ட சாலைகளில்தான் பெரும்பகுதியைக் கழிக்கிறது. சமதரைக் கட்டமென்றால் நாலு மணி நேரம் பெரும்பாலோர் ஒரே கூட்டமாகப் போவார்கள். முடிவு கடைசிச் சில நிமிடங்களில் தெரியும். தொலைக்காட்சி வர்ணனையாளர் அந்த நாலு மணி நேரமும் பேசியாக வேண்டும். அப்படிப் பேசும்போது அவர் ஆள் மாற்றிச் சொல்வதையும், விசித்திரமான உவமைகள் விடுவதையும் திரட்டி வைத்துச் சிரிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். பிரிட்டனின் ‘பிரைவேட் ஐ’ இதழ், பிபிசி வர்ணனையாளர் டேவிட் கோல்மனின் பெயரை வைத்தே அதற்கென ஒரு பத்தி நடத்தியது. சிரிப்பதில் குற்றமில்லை. ஆனால் இந்தத் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால், நாம் சிரிக்கும் பிழைகள் பெரும்பாலும் நேர்மையான உழைப்பின் அடையாளங்கள் என்பதும், நாம் கேள்வி கேட்டிருக்க வேண்டிய பிழைகள் தடுமாற்றமே இல்லாமல் சொல்லப்பட்டவை என்பதும் புலப்படும்.

சைக்கிளோட்டம் தொடக்கத்திலிருந்தே, பார்க்க முடியாதவர்களுக்குச் சொல்லப்பட்ட விளையாட்டு. 1903இல் பிரான்ஸ் சுற்றுப் போட்டியைத் தொடங்கியது ‘லோட்டோ’ என்ற நாளிதழ். நோக்கம் இதழின் விற்பனை. சாலையோரத்தில் நிற்பவர் கண்ணுக்குச் சில நொடிகள் மட்டுமே கிட்டும் போட்டியை, மறுநாள் காலை நிருபர் முழுக்கதையாக எழுதித் தந்தார். சரிபார்க்க அவருக்கு ஓர் இரவு இருந்தது. 1930 வாக்கில் வானொலி நேரடியாகக் களத்துக்கு வந்ததும் அந்த இரவு பறிபோயிற்று. 1949 ஜூன் 10 அன்று, இத்தாலியச் சுற்றுப் போட்டியில் கூனியோவிலிருந்து பினெரோலோ வரையிலான மலைக் கட்டத்தில் ஃபௌஸ்தோ கோப்பி தனியாளாக 192 கிலோமீட்டர் ஓட்டி வென்றார். வானொலியில் மாரியோ ஃபெரெத்தி சொன்ன ஒரே வாக்கியம் இன்றும் இத்தாலியர் நாவில் இருக்கிறது: ஒருவர் மட்டும் முன்னே போகிறார், அவர் சட்டை வெள்ளையும் நீலமும், அவர் பெயர் ஃபௌஸ்தோ கோப்பி. எத்தனை பேர், என்ன நிறம், யார் என்ற மூன்று தகவல்கள்தாம் அதில் உள்ளன. வர்ணனைத் தொழிலின் சாரமும் அவ்வளவுதான்; கஷ்டமெல்லாம் அந்த மூன்றையும் அந்தக் கணத்திலேயே சரியாகச் சொல்வதில். அது உயிரையும் வாங்கியிருக்கிறது: 1957 பிரான்ஸ் போட்டியைப் பின்தொடர்ந்த வானொலிக்காரர் அலெக்ஸ் விரோ, தம் மோட்டார் சைக்கிள் பள்ளத்தில் விழுந்து, அதை ஓட்டிய ரெனே வாக்னருடன் இறந்தார்.

தொலைக்காட்சி வந்த பிறகு வேலை எளிதாகிவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில், வர்ணனையாளர் வழக்கமாக உட்கார்ந்திருப்பது எல்லைக்கோட்டருகே ஓர் அறையில். அவர் பார்ப்பது நாம் பார்க்கும் அதே திரையை. மோட்டார் சைக்கிளிலிருந்தும் ஹெலிகாப்டரிலிருந்தும் வரும் படங்களில் எதைக் காட்டுவது என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். வீரரின் எண் முதுகில்; முன்னாலிருந்து படமெடுத்தால் தெரியாது. ஒரே அணியில் எட்டுப் பேர் ஒரே சட்டையில். 2003 முதல் தலைக்கவசம் கட்டாயம். கண்ணாடியும் சேர்ந்தால் முகத்தில் மிஞ்சுவது தாடை மட்டும். 1987 பிரான்ஸ் போட்டியில், ஜூலை 22 அன்று, லா பிளாஞ் மலையுச்சியில் ஆங்கில வர்ணனையாளர் ஃபில் லிகெட்டுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். ஸ்பெயினின் பெத்ரோ தெல்காடோ, அயர்லாந்தின் ஸ்டீபன் ரோச்சை விட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னேறிவிட்டார் என்பதே கடைசியாக வந்த செய்தி. கேமராக்கள் ரோச்சைக் காட்டவில்லை. தெல்காடோ எல்லைக்கோட்டை நெருங்கும்போது பின்னால் ஓர் உருவம். யார் அது என்று கேட்ட லிகெட், ரோச் மாதிரித் தெரிகிறதே, ரோச் மாதிரித் தெரிகிறதே என்று தடுமாறி, பிறகு ரோச்தான் என்று கூவினார். இருவருக்கும் இடைவெளி 4 நொடிகள்தாம். அந்தப் போட்டியை ரோச் 40 நொடி வித்தியாசத்தில் வென்றார். லிகெட்டின் வாழ்நாள் வர்ணனைகளில் பலரும் தலைசிறந்ததாகச் சொல்வது, அவர் அதுவரை நம்பியிருந்தது தவறென்று எல்லார் காதிலும் விழ உணர்ந்த இந்த வர்ணனையைத்தான்.

களத்தில் இருப்பவர்களுக்கே இந்த மயக்கம் நேர்கிறது. 2004 மிலான்–சான் ரெமோ போட்டியில் எரிக் சாபெல் வென்றுவிட்டதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். அந்த நொடியில் ஆஸ்கர் ஃபிரெய்ரே முன் சக்கரத்தைக் கோட்டுக்கு மேல் தள்ளிவிட்டார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் சாலைப் போட்டியில் அன்னமீக் ஃபான் ஃபிளோட்டன் தங்கம் வென்ற மகிழ்ச்சியோடு கோட்டைக் கடந்தார். ஆஸ்திரியாவின் ஆனா கீசன்ஹோஃபர் ஒரு நிமிடத்துக்கு முன்பே வென்றிருந்தார். அவ்வளவு பெரிய வீராங்கனைக்கே தெரியாததை, அறைக்குள் உட்கார்ந்தவர் ஒரு கணம் தவறவிட்டால் அதைத் திறமைக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

வினோத உவமைகளின் கதையும் இதுதான். முன்னாள் வீரர் பால் ஷெர்வனுடன் 30 ஆண்டுகளுக்கு மேல் இணைந்து வர்ணித்த லிகெட், களைத்த வீரர் ‘துணிச்சல் பெட்டிக்குள்’ கைவிட்டுத் துழாவுகிறார் என்பார். மலையில் எழுந்து நின்று மிதிப்பவர் ‘பெடல்மேல் நடனமாடுகிறார்’ என்பார். சரக்கில்லாதவர்கள்தாம் இப்படி ஜோடிக்கிறார்கள், விஷயம் தெரிந்தவர் நுணுக்கத்தைப் பேசுவார் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. ஆனால் பிரான்சின் வர்ணனையாளர் ரோபேர் ஷபாத் என்ன செய்தார்? அவரும் பழைய வீரர். தனியே முன்னோடியவரின் ஒரு நிமிட இடைவெளியை ஈடுகட்டக் கூட்டத்துக்கு 10 கிலோமீட்டர் வேண்டும் என்று நுணுக்கத்தையே ஒரு சொலவடை ஆக்கினார். ‘ஷபாத் தேற்றம்’ என்று பெயர் பெற்ற அது பல நாள் பொய்த்ததும் உண்டு. ஆயினும் போட்டியைப் புதிதாகப் பார்ப்பவருக்கு அது கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தது. நம் பக்கம் சென்னை வானொலியில் அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் கிரிக்கெட்டைத் தமிழில் சொன்னபோது செய்ததும் இதே வேலைதான்: மைதானத்தையே காணாத வீட்டுக்குள் ஆட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர், பழகாத காதுக்குப் பிடிமானம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. பிழையை இப்படி மன்னித்துக்கொண்டே போனால் ஆர்ம்ஸ்ட்ராங் விவகாரத்தை என்ன செய்வது? லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை பிரான்ஸ் போட்டியை ஏழு முறை வென்றதை ஆங்கிலம் கேட்கும் உலகம் பெரும்பாலும் லிகெட், ஷெர்வன் குரலில்தான் கேட்டது. ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுகள் குவிந்த 2012இலும் லிகெட் அவருக்கு ஆதரவாகப் பேசினார். அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அறிக்கை வெளிவந்து, ஏழு பட்டங்களும் பறிபோயின. இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். என் வாதத்துக்கு இதுவே பலம். லா பிளாஞ்சில் தவறியது கண். மூச்சுவிடும் நேரத்தில் திருத்தப்பட்டது. இங்கே தவறியது நம்பிக்கை. ஆண்டுக்கணக்கில், தெளிவான உச்சரிப்பில், ஒரு சொல்கூடப் பிசகாமல் நீடித்தது. பிழைத் தொகுப்புகளில் முதல் வகைதான் இடம்பெறும், ஏனென்றால் அதில் சிரிப்பு உண்டு. இரண்டாவது வகையில் சிரிக்க எதுவுமில்லை. அதனாலேயே அது நெடுங்காலம் கண்ணில் படவில்லை.

மலேசியர்களுக்கு 2016 ஆகஸ்ட் 16 நினைவிருக்கும். ரியோ ஒலிம்பிக்கில் கெய்ரின் என்ற சைக்கிள் போட்டியின் இறுதிச்சுற்றில் டுங்குன் ஊர்க்காரர் அசிசுல்ஹஸ்னி அவாங்கும் பிரிட்டனின் ஜேசன் கென்னியும், முன்னே செல்லும் வேகவண்டி விலகுமுன் அதைத் தாண்டிவிட்டார்களா என்ற ஐயத்தில் போட்டி நிறுத்தப்பட்டது. நடுவர்கள் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், யாரையும் நீக்கவில்லை. மறு ஓட்டமும் நின்றது. மூன்றாவதில் கென்னிக்குத் தங்கம், அசிசுலுக்கு வெண்கலம். அந்தக் காத்திருப்பு நிமிடங்களில் பதக்கம் போய்விட்டது என்றோ உறுதி என்றோ அடித்துச் சொல்லியிருந்தால், எதைச் சொன்னாலும் அது ஊகம்தான். இன்னும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்வதுதான் அந்த இடத்தில் தொழில் தர்மம். நாளை தமிழிலும் சைக்கிளோட்டத்துக்கு நேரடி வர்ணனை வரட்டும், வர வேண்டும். அப்போது பேசுபவர் பெயரை மாற்றிச் சொல்வார், உவமை தடம் புரளும். அதற்காக அவரைக் கேலியால் துரத்திவிட வேண்டாம். தவறு தெரிந்த நொடியில் திருத்துகிறாரா, தெரியாததைத் தெரியாது என்கிறாரா, வென்றவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறாரா என்ற மூன்றையும் வைத்தே அவரை எடை போடுவோம்.