கணக்கில் முந்தும் குழந்தை

போடிநாயக்கனூருக்கு மேலே ஏல மலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரே செடியில், ஒரே சரத்தில்கூட, எல்லாக் காய்களும் ஒரே நாளில் முற்றுவதில்லை. அடியில் இருப்பது முதலில் முற்றும். நுனியில் இருப்பது பிறகு. ஆகையால் ஒரே தடவையில் காய் எடுத்து முடித்துவிட முடியாது. முப்பது நாற்பது நாளைக்கு ஒரு முறை அதே தோட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும். பிஞ்சைப் பறித்தால் உலர்ந்த பிறகு சுருங்கிப்போய் நிறை கொடாது. முற்றியதை விட்டு வைத்தால் வெடித்துவிடும். சிலமலையிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்குப் போகும் பெண்களில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

தோட்டத்தில் ஒப்புக்கொண்ட இந்த உண்மையைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் நாம் ஒப்புக்கொள்வதில்லை. ஒரே ஆண்டில் பிறந்த நாற்பது குழந்தைகளை ஓர் அறையில் உட்கார வைக்கிறோம். எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே பக்கம், ஒரே நாளில் பரீட்சை. நாற்பது பேரில் ஒரு குழந்தை புத்தகத்தை ஆடி மாதமே முடித்துவிட்டு அடுத்த வகுப்புக் கணக்கைப் போட ஆரம்பித்தால் வீட்டிலே கவலை பிறந்துவிடுகிறது. மேலே போக விடலாமா? விட்டால் மூளை கெட்டுப் போகுமா? விடாவிட்டால் ஆர்வம் செத்துப் போகுமா?

இந்தக் கவலை மனித குலத்தின் ஆதி காலக் கவலை அல்ல. வயதுக்கு ஒரு வகுப்பு என்று நாம் ஏற்படுத்திக்கொண்ட பிறகு வந்த கவலை. நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இதற்கு இடமே இருந்ததில்லை. அங்கே ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு கிடையாது. பையன் மணலில் எழுதப் பழகினான். பிறகு ஓலைக்கு வந்தான். எண்சுவடியை மனப்பாடம் செய்தான். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று என்று நாக்கிலே ஏற்றிக்கொண்டான். ஒரு வாய்பாடு முடிந்தால் அடுத்தது. எட்டு வயதுப் பையன் குழிமாற்றுக்குப் போய்விட்டிருப்பான். அவன் பக்கத்திலேயே பத்து வயதுப் பையன் இன்னும் மாகாணியில் தடுமாறிக்கொண்டிருப்பான். இருவருக்கும் அதனால் பெருமையும் இல்லை, அவமானமும் இல்லை. முந்தியவன் சட்டாம்பிள்ளையாகிப் பிந்தியவனுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

இந்த ஏற்பாட்டைக் கண்டு வியந்தவர் ஓர் ஸ்காட்லாந்துக்காரர். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவ வீரர்களின் அனாதைக் குழந்தைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றார். பக்கத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் உபாத்தியாயர்களிடம் அதைச் செய்யச் சொன்னார். அவர்கள் அசட்டை செய்தார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி விட்டார். பையன் வென்றுவிட்டான். 1797-இல் பெல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் 1833-இல் தொடங்கிய 'மதராஸ் கல்லூரி' என்ற பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது.

பழைய பெருமை பேசுவதற்காக இதை நான் எழுதவில்லை. திண்ணைப் பள்ளியில் கோதண்டம் போட்டுத் தொங்கவிட்ட தண்டனையும் இருந்தது. அதைவிடப் பெரிய குறை, திண்ணையில் ஏற முடிந்தவர்களின் கணக்கு. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் ஜில்லாக் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தெரிந்தது. அத்தனை பேரில் பெண்கள் 4,540 பேர்தான். தாழ்த்தப்பட்டவர்களின் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் திண்ணைக்குக் கீழேகூட இடம் இல்லை. அவரவர் வேகத்தில் போகலாம் என்ற சுதந்திரம் உள்ளே வந்தவர்களுக்குத்தான்.

பிறகு சர்க்கார் பள்ளிகள் வந்தன. வகுப்பும் பரீட்சையும் சர்டிபிகேட்டும் வந்தன. கதவு கொஞ்சம் கொஞ்சமாக அகலத் திறந்தது. உள்ளே பாதை மட்டும் குறுகிப் போயிற்று. அந்தக் குறுகிய பாதையில் மாட்டிக்கொண்ட ஒரு பையனின் கதை நம் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்று நினைப்பதாலேயே அதைச் சரியாகப் படிப்பதில்லை.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. 1897-இல் ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தார். டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். கல்லூரி மாணவர்கள் படிக்கும் திரிகோண கணிதப் புத்தகத்தைச் சிறு வயதிலேயே முடித்துவிட்டார். பள்ளிக்கூடம் அவரைத் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களையும் முப்பத்துச் சொச்சம் உபாத்தியாயர்களையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கால அட்டவணை போடும் வேலையைக் கணக்கு வாத்தியார் அவரிடமே கொடுத்தார். 1904-இல் கணிதப் பரிசு கொடுத்தபோது, நூற்றுக்கு நூறு என்பது இவனுக்குப் போதாது என்ற பொருளில் தலைமை ஆசிரியர் மேடையிலேயே பாராட்டினார்.

ஆனால் அந்தப் பாராட்டுக்கு முன்பே, 1903 வாக்கில், ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்துவிட்டது. கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்தது; சுமார் ஐயாயிரம் சூத்திரங்கள் அடங்கியது. கார் லண்டனில் மாணவர்களைப் பரீட்சைக்குத் தயார் செய்த டியூஷன் ஆசிரியர். இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு கோச்சிங் புத்தகம். அதில் சூத்திரம் இருந்தது. நிரூபணம் இல்லை, இருந்தாலும் ஒரு வரிதான். மற்றப் பையன்களை அது தூங்க வைத்திருக்கும். ராமானுஜனுக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு புதிராக நின்றது. அவராகவே ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தார். ஆனால் நிரூபணம் என்றால் என்ன என்று உட்கார வைத்துச் சொல்ல அவருக்கு அப்போது யாரும் இல்லை.

கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர எதையும் படிக்கவில்லை, ஆங்கிலத்தில் தோற்றார், உதவிச் சம்பளம் போயிற்று. 1905-இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் ஓடினார். 1906-இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சை அவருக்குக் கடைசி வரை தேறவே இல்லை. நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஆதரவு தேடி அலைந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913-இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் தன் விதியைத் தளர்த்தி, பட்டம் இல்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி கொடுத்தது. 1914-இல் கேம்பிரிட்ஜ், 1918-இல் ராயல் சொசைட்டி, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி மரணம். வயது முப்பத்திரண்டு.

பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரைதான் ஒரு கணித மேதைக்கு உயிரான காலம், அது வீணாகிவிட்டது என்பது ஹார்டியின் அபிப்பிராயம். ராமானுஜன் சிறு வயதிலேயே முந்திப் போனதனால் கெட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பாடத்தில் முந்திப் போகிறவன் இன்னொன்றில் மெதுவாக வரலாம் என்பதற்கு அன்றைய கல்லூரியில் வழி இல்லை. எல்லாவற்றிலும் ஒரே படியில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் வெளியே போகவேண்டும். அதுதான் ஒரு காரணம். முந்திப் போனவனுக்குத் துணையாக நடக்க ஆள் இல்லை என்பது மற்றொன்று.

இனி, பிள்ளையைத் தானாக முந்தவிடாமல் பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகும்? அதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. 1909-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். பதினோரு வயதில் அங்கே சேர்ந்த வில்லியம் சைடிஸ் ஒருவன். பதினான்கு வயதில் வேறு கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்த நார்பர்ட் வீனர் மற்றவன். இருவரையும் தகப்பனாரே வீட்டில் வைத்து உருவாக்கினார். சைடிஸ் நான்கு பரிமாண உருவங்களைப் பற்றிப் பேராசிரியர்களுக்கு முன்னால் பேசினான். பத்திரிகைகள் அவனை விடவே இல்லை. பிற்காலத்தில் கணிதத்தையே உதறிவிட்டு, கூட்டல் இயந்திரம் இயக்கும் குமாஸ்தா வேலைகளில் ஒளிந்துகொண்டு, 1944-இல் நாற்பத்தாறு வயதில் இறந்தான். வீனர் பெரிய கணித அறிஞரானார். ஆனால் 1953-இல் எழுதிய சுயசரிதையில், தம்மைச் சாதாரணப் பையன், எல்லாம் என் பயிற்சி என்று தகப்பனார் பத்திரிகையில் எழுதியது நெஞ்சில் எப்படித் தைத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. வெற்றி அப்பாவுடையது, தோல்வி மட்டும் என்னுடையதா என்று அந்தப் பிள்ளை மனம் மருகியது.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயம் அல்ல. 1971-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற பேராசிரியர் கணக்கில் முந்தும் சிறுவர் சிறுமியரைத் தேடி எடுத்துப் பல ஆண்டு தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். வகுப்பு தாண்டிப் போன அந்தப் பிள்ளைகள் நடு வயதிலும் மனநலத்தில் குறைந்து போகவில்லை என்று 2021-இல் வந்த முடிவு சொல்லிற்று. எல்லாரும் சமம் என்று சான்பிரான்சிஸ்கோ நகரம் 2014-இல் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவை நிறுத்திப் பார்த்தது. திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று 2024-இல் அந்த நகரத்து மக்களே வாக்களித்தார்கள். ஆகவே முந்துவதும் விஷம் அல்ல, தடுப்பதும் நீதி அல்ல.

சிலமலையில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய அக்காள் மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு.

"ஐயா, புள்ள ஒன்பதாம் வகுப்புக் கணக்கெல்லாம் போடுது. வெளியூர்ல ஒரு பள்ளிக்கூடம் இருக்காம். ஹாஸ்டல்ல வச்சு இப்பவே ஐ.ஐ.டி.க்குச் சொல்லிக் குடுப்பாங்களாம். நகையை வச்சாவது சேத்துரலாம்னு பாக்கிறேன்" என்றார்.

குழந்தையின் தாயார் மலைக்குக் காய் எடுக்கப் போகிறவர். அவர் அதிகம் பேசவில்லை. "தம்பி சொல்றது சரிதான். ஆனா இவ இன்னும் ராத்திரி என் பக்கத்துலதான் படுக்கிறா" என்றார்.

நான் அந்தப் பெண்ணிடம், "விடை வந்ததும் என்ன செய்வாய், அம்மா?" என்று கேட்டேன். "வேற வழியிலயும் அதே விடை வருதான்னு பாப்பேன்" என்றாள்.

எனக்கு அந்தப் பதில் போதும். அது மதிப்பெண்ணுக்குக் கணக்குப் போடும் பிள்ளையின் பதில் அல்ல. இவளைத் தள்ளவும் வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். தாய்மாமனிடம் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். கணக்கை முந்த விடுங்கள்; குழந்தையை முந்த விடாதீர்கள். அவள் ஏழாம் வகுப்பிலேயே தோழிகளோடு இருக்கட்டும். தமிழும் ஆங்கிலமும் வயதுக்குத் தக்கபடி வரட்டும். கணக்குக்கு மட்டும் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக் கணக்கு ஆசிரியர் அரை மணி நேரம் பார்த்து, விடையை விட்டுவிட்டு, 'ஏன்' என்று கேட்கட்டும். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித் தொகைத் தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை அதில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கிடைக்கும். நகை பெட்டியிலேயே இருக்கும். பதினைந்து பதினாறு வயதில் அவளே வெளியூர் போகிறேன் என்று கேட்டால், அப்போது தடுக்காதீர்கள். பெண் என்பதற்காக அப்போது தயங்கினால், மன்றோவின் கணக்கில் இருந்த அந்தப் பழைய அநியாயத்தையே நாமும் செய்கிறவர்கள் ஆவோம்.

"அப்ப பணம் கட்ட வேண்டாமா?" என்று கேட்டார் மாமன். அவர் முகத்தில் ஏமாற்றமும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. முடிவு அவர்களுடையது, அதை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தேன்.

பணத்தைவிட அரிதான பொருள் ஒன்று வேண்டும். அது ஓர் ஆசிரியர். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்ற ஊரில் 1901-இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை என்ற பையனுக்கு அது கிடைத்தது. பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தகப்பனார் இறந்துவிட்டார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தம் பணத்தைக் கொடுத்து அவரைப் படிக்க வைத்தார். பிற்காலத்தில், உலகக் கணித அறிஞர்கள் வெகுநாள் முட்டி மோதிய வாரிங் பிரச்னையின் பெரும்பகுதியை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடியே தீர்த்தவர் அவர். 1950-இல் அமெரிக்காவில் நடந்த கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார்.

ராமானுஜனை நாம் தபால்தலையிலும் சிலையிலும் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். அந்தச் சாஸ்திரியாரைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. இன்று ஏழாம் வகுப்பில் முந்திக்கொண்டு நிற்கும் குழந்தைக்கு வேண்டியவர் அவர்தான். பின்தங்கி நிற்கும் பக்கத்துப் பெஞ்சுக் குழந்தைக்கும் வேண்டியவர் அவரே.