பின்னி, உலர்த்தி, அவிழ்த்து

ஈரக் கூந்தலைப் பல சடைகளாகப் பின்னி, நன்றாக உலரவிட்டு, பிறகு அவிழ்த்து அலையலையாக விட்டுக்கொள்ளும் அலங்காரத்தை அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் ‘பிரெய்டு அவுட்’ என்கிறார்கள். இதில் பின்னல் வெறும் அச்சு. பிறர் கண்ணில் படுவது அவிழ்த்த பின் நிற்கும் அலைதான். பெயர் அண்மைக்காலத்தது என்றாலும் வழக்கம் பழையது. அமெரிக்கத் தென்மாநிலப் பண்ணைகளில் அடிமைகளாக இருந்த பெண்கள் வாரம் முழுதும் முடியைச் சுற்றிக் கட்டிவைத்து, ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்துவிட்டார்கள். அதற்கான கைத்திறன் அவர்களுடைய முன்னோருடன் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இந்த நீண்ட காலத்தில் செய்முறை அதிகம் மாறவில்லை. கூந்தலுக்குச் செலவிட எவ்வளவு நேரம் கிடைத்தது, அவிழ்த்த கூந்தலோடு எங்கெல்லாம் போக முடிந்தது என்ற இரண்டும்தான் காலத்துக்குக் காலம் மாறின.

முடியின் இயல்பு

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி பெரும்பாலும் கெட்டிச் சுருளாக வளர்கிறது. மயிர்க்கால் தோலுக்குள்ளேயே வளைந்திருப்பதால் முடியும் வளைந்தே வெளிவருகிறது. அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். சுருள் திரும்பும் இடமெல்லாம் முடி நலிந்திருக்கும். காய்ந்த முடியில் சீப்பை இழுத்தால் அங்கேதான் அறுபடும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் நுனிவரை இறங்கிவிடும். சுருள்முடியில் வேரருகிலேயே தங்கிவிடுவதால் நுனி வறண்டுபோகும். நனைந்து உலரும்போது சுருள் இறுகி, முடி தன் உண்மை நீளத்தில் பாதிக்கும் குறைவாகக்கூடத் தோன்றும்.

பின்னி அவிழ்த்தால் அலை ஏன் நிற்கிறது என்பதற்கு வேதியியலில் விடை உண்டு. முடி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. புரதச் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவற்றில் முக்கியமானவை இரண்டு பிணைப்புகள். கந்தக அணுக்களை இணைக்கும் டைசல்பைடு பிணைப்பு உறுதியானது, தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டதும் விலகி, உலர்ந்ததும் மீண்டும் சேரும். சேரும் நேரத்தில் முடி எந்த வடிவில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறதோ அந்த வடிவம் பதியும். மறுபடி நனைந்தால் கலைந்துவிடும். பின்னல், நூல்சுற்று, சூட்டுச் சீப்பு மூன்றும் இந்தத் தற்காலிகப் பிணைப்பை நம்பியே வேலை செய்பவை.

மேற்கு ஆப்பிரிக்க மரபு

இன்றைய நைஜீரியாவில் கிடைத்த நோக் பண்பாட்டுச் சுடுமண் உருவங்கள் சுமார் 2,000 ஆண்டுகள் பழமையானவை. அவற்றின் தலைகளில் கூந்தல் அலங்காரம் நுணுக்கமாக வடிக்கப்பட்டிருக்கிறது. அதே நாட்டின் யோருபா மக்களிடம் கூந்தல் வேலை இரண்டு வகை: கையால் பின்னுவது ‘இருன் டீடீ’, நூல் சுற்றுவது ‘இருன் கீகோ’. நூல்சுற்றில், வகிடெடுத்துப் பிரித்த ஒவ்வொரு கற்றையையும் வேரிலிருந்து நுனிவரை கறுப்பு நூலால் இறுகச் சுற்றுவார்கள். கற்றை விறைத்து நிற்கும். சில நாள் கழித்து நூலை உருவினால் சுருள் தளர்ந்து முடி நீண்டிருக்கும். எல்லாப் பின்னல்களும் உச்சியை நோக்கி ஏறிக் கூடிநிற்கும் ‘ஷுக்கு’, பிடரியை நோக்கி ஓடும் ‘கோலேசே’ என்று பின்னல்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு.

மேற்கு ஆப்பிரிக்கச் சமூகங்கள் பலவற்றில் ஒருவரின் குடி, வயது, திருமண நிலை ஆகியவற்றைத் தலையலங்காரமே சொல்லிவிடும். அதைச் செய்துமுடிக்க மணிக்கணக்கில் ஆகும். உறவுப் பெண்களோ தொழில்முறையில் பின்னுபவர்களோ செய்வார்கள். நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஜே. டி. ஒகாய் ஓஜேகெரே 1968இல் இந்த அலங்காரங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். பல ஆண்டுகள் நீண்டு சுமார் ஆயிரம் படங்களாகப் பெருகிய அந்த வரிசையில் பல படங்களில் முகமே தெரியாது; பின்னந்தலையும் அதில் ஓடும் வகிடுகளும் மட்டுமே இருக்கும்.

பண்ணையும் ஞாயிற்றுக்கிழமையும்

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் சிக்கியவர்களின் தலையைக் கப்பலேற்றும்போது மழிப்பது வழக்கமாக இருந்தது. சுகாதாரம் என்று காரணம் சொல்லப்பட்டாலும், தலையைப் பார்த்துக் குடியை அறியும் அடையாளமும் அதோடு போயிற்று. கரை சேர்ந்த பின் முடி வளர்ந்தது; பழைய சீப்பும் எண்ணெயும் ஓய்வும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுக்கும் கம்பிப்பல் பலகை சீப்பாயிற்று. பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் தலைக்குப் பூசப்பட்டன. வயல்வேலையின்போது வெயிலும் தூசியும் படாமல் தலையைத் துணியால் கட்டிக்கொண்டார்கள்.

பெரும்பாலான பண்ணைகளில் ஞாயிறு ஒன்றே ஓரளவு ஓய்வு கிடைத்த நாள். ஒருவர் தலையை மற்றவர் வாரிவிடுவதும் வழிபாட்டுக்குப் போவதும் அன்றுதான். வாரநாட்களில் முடியை நூலாலோ பருத்தியாலோ துணிக்கிழிசலாலோ சுற்றிக் கட்டித் துணிக்குள் மறைத்துவைத்தால் இரண்டு காரியம் நடந்தது: வேலைநேரத்தில் முடி சிக்காமல் இருந்தது, அவிழ்க்கும் நாளில் ஒழுங்கான அலையும் கிடைத்தது.

1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் ஃபெடரல் எழுத்தாளர் திட்டம், அடிமைகளாகப் பிறந்து அப்போதும் உயிரோடிருந்த 2,000க்கும் மேற்பட்ட முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்தது. டெக்சஸில் பதிவான ஆமோஸ் லிங்கன் என்ற முதியவரின் நினைவுகளில் இந்த வழக்கம் தெளிவாக வருகிறது. பெண்கள் வாரமெல்லாம் முடியைப் பருத்தியால் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். ஞாயிறு வந்ததும் அழகாக வாரிவிடுவார்கள். முடி இயற்கையான சுருளோடு தெரியவேண்டும் என்பதற்காக அன்று கொழுப்புப் பூசமாட்டார்கள் என்கிறார் அவர். முடியைச் சுற்றிக் கட்டி, நாள்கணக்கில் விட்டு, பிறகு அவிழ்க்கும் இம்முறை யோருபா நூல்சுற்றுக்கு மிக நெருக்கமானது. இன்றைய பிரெய்டு அவுட்டின் அடிப்படையும் இதுவே.

அடிமைகளாக இல்லாத கறுப்பினப் பெண்களின் கூந்தலும் கட்டுப்பாட்டுக்குத் தப்பவில்லை. ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவில் ஆளுநர் எஸ்தபான் மிரோ 1786இல் ஓர் ஆணை பிறப்பித்தார். நியூ ஆர்லியன்ஸின் சுதந்திரக் கறுப்பினப் பெண்கள் கூந்தலில் இறகும் நகையும் சூடக்கூடாது, தலையைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் துணிக்கு ‘டிக்னான்’ என்று பெயர். பெண்கள் பளிச்சென்ற நிறத்துணிகளைத் தேர்ந்து, விதவிதமாக முடிந்து, அந்தக் கட்டையே அலங்காரமாக்கிக்கொண்டார்கள்.

சூட்டுச் சீப்பும் ரிலாக்சரும்

1865இல் அடிமைமுறை ஒழிந்தது. நகர வேலைகளில் நேரான முடியே ஒழுங்கின் அடையாளமாகக் கருதப்பட்டதால், சுருளை நேராக்கும் தொழில் வளர்ந்தது. உலோகச் சீப்பை அடுப்பில் காயவைத்து, எண்ணெய்ப் பசை பூசிய முடியில் இழுத்தால் சுருள் நிமிரும். காதருகே சூடு படுவதும் முடி கருகுவதும் சாதாரணம். வியர்வையோ மழையோ பட்டால் முடி பழையபடி சுருண்டுவிடும்.

இந்தக் காலத்தில் கறுப்பினப் பெண்களே பெரிய கூந்தல் நிறுவனங்களை நிறுவினார்கள். ஆனி டர்ன்போ மலோன் ‘போரோ’ என்ற பெயரில் தைலங்களை விற்று, செயின்ட் லூயிஸில் 1918இல் போரோ கல்லூரியைத் திறந்தார். அவரிடம் விற்பனையாளராக இருந்த சேரா பிரீட்லவ், லூசியானாவின் டெல்டாவில் 1867இல் விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்தவர். மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரோடு தனித் தொழில் தொடங்கி, 1910இல் இண்டியானாபொலிஸைத் தலைமையிடமாக்கினார். அவருடைய தைலத்தில் கந்தகமும் பெட்ரோலியக் களிம்பும் இருந்தன. தலைத்தோல் நோயைத் தீர்த்து முடி வளர்ப்பதே நோக்கம் என்று அவர் சொல்லிவந்தார். வாக்கர் முகவர்கள் சூட்டுச் சீப்பையும் பயன்படுத்தினார்கள். வீட்டுவேலைக்கும் சலவைக்கும் வெளியே ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இந்த நிறுவனங்கள் வருமானம் தந்தன.

அடுத்த கட்டம் ரிலாக்சர். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரப்பொருள் டைசல்பைடு பிணைப்பையே உடைத்துவிடுவதால், நேரான முடி நனைந்தாலும் சுருளாது. 1954இல் சிகாகோவில் ஜார்ஜ் இ. ஜான்சன் தொடங்கிய ஜான்சன் ப்ராடக்ட்ஸ் இச்சந்தையில் முன்னணிக்கு வந்தது. புதிதாக முளைக்கும் வேர்முடி சுருளாகவே வருவதால் சில வாரங்களுக்கு ஒருமுறை மருந்தை மீண்டும் பூசியாக வேண்டும். தலைத்தோல் புண்ணாவதும் முடி உடைவதும் உண்டு. நேரான முடியை வெளியிலிருந்து வாங்கித் தைத்துக்கொள்ளும் ‘வீவ்’ அலங்காரமும் பெருகியது. அதற்கான முடியில் ஒரு பங்கு திருமலையில் பக்தர்கள் காணிக்கையாக இறக்கும் முடி. நடிகர் கிறிஸ் ராக்கின் 2009ஆம் ஆண்டு ஆவணப்படம் இந்தத் தொடர்பை அமெரிக்கப் பார்வையாளர்களுக்குக் காட்டியது.

இயல்பு முடிக்குத் திரும்புதல்

1960களின் குடிமை உரிமைப் போராட்டம் கூந்தலையும் தொட்டது. 1963இல் ஒளிபரப்பான ‘ஈஸ்ட் சைடு வெஸ்ட் சைடு’ தொலைக்காட்சித் தொடரில் நடிகை சிசிலி டைசன் நேராக்காத குட்டை முடியோடு தோன்றினார். அந்தப் பத்தாண்டின் இறுதியில், சுருள்முடியைத் தலையைச் சுற்றி உருண்டையாக வளரவிடும் ‘ஆஃப்ரோ’ அரசியல் அடையாளமாயிற்று. 1970களில் தலையோடு ஒட்டிப் பின்னும் கார்ன்ரோ பொதுவெளிக்கு வந்தது.

பணியிடம் அதை எளிதில் ஏற்கவில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊழியரான ரெனே ராஜர்ஸ் கார்ன்ரோவுக்கு நிறுவனம் விதித்த தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிமன்றம் 1981இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னல் விருப்பப்படி மாற்றக்கூடியது, பிறவியில் வருவதல்ல என்பது நீதிமன்றத்தின் வாதம். பின்னலைக் கொண்டையாகச் சுருட்டி, வேலைநேரத்தில் அதன்மேல் பொய்முடி வைத்து மறைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது.

2000களில் இரண்டாவது அலை எழுந்தது. ரிலாக்சரை விட்டு இயல்பு முடி வளர்த்த பெண்கள், யூடியூப் வந்த பின் தங்கள் கூந்தலைத் தாங்களே கவனிக்கும் முறைகளைக் காணொளிகளில் பகிர்ந்தார்கள். சூடோ காரமோ வேண்டாத பிரெய்டு அவுட் இந்தக் காலத்தில்தான் அன்றாட அலங்காரமாயிற்று. ரிலாக்சர் விற்பனை சரிந்தது. 2022இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று 33,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவைக் கொண்டு, முடி நேராக்கும் பொருள்களை அடிக்கடி பயன்படுத்துவதற்கும் கருப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

இன்றைய செய்முறை

நல்ல அலை கிடைக்க முதல் தேவை சரியான ஈரப்பதம். தலைகுளித்து, கண்டிஷனர் தடவி, அகன்ற பல் சீப்பால் நுனியில் தொடங்கி வேர்வரை படிப்படியாகச் சிக்கெடுக்க வேண்டும். தண்ணீர் சொட்டச் சொட்டப் பின்னினால் மறுநாளும் உலராது. காய்ந்த முடியில் பின்னினால் அலை பதியாது. தொட்டால் குளிர்ச்சி தெரியும், ஆனால் சொட்டாது என்ற பதமே ஏற்றது. பின்னுவதற்கு முன் ஷியா வெண்ணெய் போன்ற கொழுப்பும், வடிவைப் பிடித்துவைக்க ஜெல் அல்லது மூஸும் பூசுவார்கள். அளவு மீறினால் உலர்ந்தபின் வெள்ளைத் துகளாக உதிரும்.

சடையின் பருமன் அலையின் அளவைத் தீர்மானிக்கிறது. ஐந்தாறு தடித்த சடைகள் விரிந்த அலையையும், இருபது மெல்லிய சடைகள் நெருக்கமான அலையையும் தரும். தனிச் சடைகளாகப் பின்னினால் வேர்ப்பகுதி உப்பியே நிற்கும். தலையோடு ஒட்டிப் பின்னினால் வேரிலிருந்தே அலை தொடங்கும். சடையின் நுனி மெலிந்து நேராக முடிந்துவிடுவதால் அதைச் சிறு உருளையில் சுற்றிவைப்பது வழக்கம். வேரில் வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பின்னுவதைத் தொடர்ந்தால் நெற்றியோர முடி நிரந்தரமாகவே கொட்டிப்போகலாம்.

பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் அவசரம். மேலே தொட்டால் உலர்ந்திருக்கும் சடையின் நடுவில் ஈரம் மறைந்திருக்கும். அந்த நிலையில் அவிழ்த்தால் ஹைட்ரஜன் பிணைப்பு சேர்ந்து முடியாததால், அலை சில நிமிடங்களில் கலைந்து முடி பொங்கிவிடும். அதனால் இரவு முழுதும் விடுவார்கள்; நேரமில்லாதபோது தலைமேல் கவிழ்க்கும் உலர்த்தியின் கீழ் உட்காருவார்கள். அவிழ்க்கும்போது விரல்களில் சிறிது எண்ணெய் தொட்டுக்கொண்டு, நுனியிலிருந்து புரி புரியாக, பின்னிய தடத்திலேயே பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கற்றையையும் அது தானாகப் பிரியும் இடத்தில் இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துவிட்டால் கூந்தல் அடர்த்தியாகத் தெரியும். சீப்பு போட்டால் அலை உடையும். இரவில் பருத்தித் தலையணை ஈரப்பசையை உறிஞ்சி முடியை உரசும் என்பதால் சாட்டின் துணி கட்டி உறங்குவார்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் எந்த அலையும் நீடிக்காது.

சட்டத்தின் நிலை

அமெரிக்க ராணுவம் 2014 மார்ச்சில் வெளியிட்ட தோற்ற விதிகள் முறுக்குச் சடைகளைத் தடைசெய்து, பின்னலுக்கும் கடும் வரையறை வைத்தன. கறுப்பினப் பெண் வீரர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் எதிர்த்ததால் அதே ஆண்டு ஆகஸ்டில் அவை தளர்த்தப்பட்டன. 2019 ஜூலையில் கலிஃபோர்னியா, ‘கிரவுன்’ சட்டம் என்று அறியப்படும் சட்டத்தை முதலில் நிறைவேற்றியது. முடியின் இயல்பும் பின்னல், முறுக்கு, சடாமுடி போன்ற அலங்காரங்களும் இன அடையாளத்தின் பகுதி என்றும், அவற்றைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு செய்யக்கூடாது என்றும் அது கூறுகிறது. அதே மாதம் நியூயார்க்கும் பின்தொடர்ந்தது. பிறகு 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய சட்டங்களை இயற்றியுள்ளன. நாடு முழுவதற்குமான மசோதா 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறவில்லை. இப்படிப்பட்ட சட்டம் இல்லாத மாநிலங்களில் பெரும்பாலும் முதலாளியின் தோற்ற விதியே பணியிடக் கூந்தலைத் தீர்மானிக்கிறது.