ஸ்பீக்கருக்குள் கேட்கும் நெய்வேலி

ஆடியோ பிரியர்கள் நாலு பேர் கூடுற இடத்துல ஒரு வார்த்தை கண்டிப்பா அடிபடும்: ‘க்ளீன் பவர்’. டேக் வாங்கியாச்சா? அடுத்து அதுக்கு நல்ல பவர் சப்ளை வாங்கு, கரண்ட் சுத்தமா இருந்தாத்தான் பாட்டு சுத்தமா இருக்கும்னு சொல்லுவாங்க. இந்தத் தேடல் எப்பவும் சுவத்துல இருக்கிற பிளக் பாயின்ட்டோட நின்னுடுது. இன்னைக்கு எபிசோடுல நான் அந்தப் பாயின்ட்டுக்குப் பின்னாடி போகப் போறேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டே போனா, கடலூர் மாவட்டத்துல நெய்வேலி வருது.

முதல்ல, டேக்னா என்ன? டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர் என்பதன் சுருக்கம். எண்களா இருக்கிற பாட்டை ஏறி இறங்குற மின்சாரமா மாத்துற கருவி. உங்க ப்ளூடூத் இயர்பட்ஸுக்குள்ளயும் பொடிசா ஒண்ணு இருக்கு. வீட்டுல பெரிய ஸ்பீக்கரோ நல்ல ஹெட்ஃபோனோ வச்சிருக்கிறவங்க அதைத் தனிப் பெட்டியா வாங்கி வைக்கிறாங்க. 1982-ல் சிடி சந்தைக்கு வந்தபோது ஒரு கணக்கு நிலைத்துவிட்டது: நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் ஒரு படி. நாம இன்னைக்கு ஸ்ட்ரீமிங்ல கேட்கிற பாட்டும் பெரும்பாலும் அந்தக் கணக்கை ஒட்டித்தான் இருக்கு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த எண்களுக்குள்ள சத்தம் எதுவும் இல்லை. பாட்டு ஃபைல்ங்கிறது மளிகைக் கடை லிஸ்ட் மாதிரி. இவ்வளவு கொடு, இப்போ கொஞ்சம் குறை, இப்போ கூட்டுன்னு எழுதியிருக்கும், அவ்வளவுதான். அரிசி பருப்பு வரவேண்டியது கரண்ட் கம்பியில் இருந்து. டேக் அந்த கரண்ட்டை லிஸ்ட்டில் சொன்ன அளவுக்கு அளந்து கொடுக்குது. ஆம்ப்ளிஃபயர் அதே அளவில் பெருசா எடுத்துக் கொடுக்குது. கடைசியில் ஸ்பீக்கர் கூம்பை முன்னும் பின்னும் தள்ளுறது, உங்க வீட்டு மீட்டர்ல ஓடுற அதே மின்சாரம்.

அதனாலதான் பவர் முக்கியம். வீட்டு டேக் பெட்டியில் இருந்து வெளியே வர்ற சிக்னல் வழக்கமா 2 வோல்ட். அதை 65,536 படிகளா பிரிச்சா, ஒரு படியோட உயரம் ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு நுணுக்கமா அளக்கிற தராசு ஆடக்கூடாது. டேக்குக்குள்ள இருக்கிற ஆதார வோல்டேஜ்தான் அந்தத் தராசு. அது ஆடினா, அளவும் ஆடும்.

பாட்டு ஓடாதபோது சில சமயம் ஸ்பீக்கரில் ‘உம்ம்ம்’னு மெல்லிசா ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பீங்க. அது 50 ஹெர்ட்ஸ், அல்லது அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ். அது ஏன் 50? அனல் மின் நிலையத்தின் டர்பைன் நிமிஷத்துக்கு 3,000 தடவை சுத்துது. அறுபதால் வகுத்தா நொடிக்கு 50. அதாவது, எங்கேயோ ஓர் இரும்பு அச்சு சுத்துற வேகத்தைத்தான் நீங்க உங்க ஹால்ல உட்கார்ந்து கேட்கிறீங்க.

அந்த அச்சு தமிழ்நாட்டில் எப்போது சுழல ஆரம்பித்தது என்பதில் நெய்வேலிக்கு ஒரு பெரிய அத்தியாயம் உண்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி பெரும் பரப்பில் கிடப்பது தெரிந்தது. பின்னாளில் இந்தத் திட்டத்துக்காக அவர் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் கொடுத்தார். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அப்போது மாநில முதலமைச்சர் காமராஜர்.

தோண்டுவது லேசான வேலையாக இருக்கவில்லை. கரிப் படுகைக்குக் கீழே, மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் நிலத்தடி நீர். அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை உடையாமல் நிற்கும். ராட்சத சக்கரத்தில் வாளிகள் கட்டிய வெட்டு இயந்திரங்கள் ஜெர்மனியில் இருந்து வந்தன. மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962 மே மாதம் முதல் 50 மெகாவாட் இயந்திரம் ஓடியது. படிப்படியாக 600 மெகாவாட்டாக வளர்ந்த அந்த முதல் அனல் மின் நிலையம், 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. அதற்குப் பிறகு வந்த நிலையங்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் மின்சாரம் தமிழ்நாட்டோடு நிற்காமல் புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா என்று பிரிந்து போகிறது.

மின்சாரம் வந்துடுச்சு, சரி. சீரா வந்துதா? நம்ம அப்பா அம்மா தலைமுறை வீடுகள்ல டிவிக்கு ஒரு ஸ்டெபிலைசர், ஃபிரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் ‘டக் டக்’னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்கும். சாயங்காலம் ஆனா லோ வோல்டேஜ். 2008-ல் இருந்து சில வருஷங்களுக்குத் தமிழ்நாட்டில் கடுமையான மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம்னா, மத்த மாவட்டங்கள்ல பாதி நாளுக்கு மேலேயே கரண்ட் இருக்காது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது அப்போதான். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும்போது ‘ங்ங்ங்’னு உறுமும், ஞாபகம் இருக்கா? சுவத்துல இருந்து வர்ற மென்மையான அலைக்குப் பதிலா, படிக்கட்டு மாதிரி வெட்டின அலை வர்றதோட குரல் அது. ‘அழுக்கு கரண்ட்’னா என்னன்னு எந்த ஆடியோ புத்தகமும் இல்லாம நம்ம ஜனங்க காதாலேயே தெரிஞ்சுக்கிட்டாங்க.

அதே 2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா இருளில் மூழ்கியது. 31-ஆம் தேதி மட்டும் சுமார் 60 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. தெற்கு தப்பித்தது, ஏன்னா தென்னக மின்தொகுப்பு அப்போது தனித் தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வழியாக அது தேசியத் தொகுப்போடு ஒத்திசைந்தது. அன்றிலிருந்து நெய்வேலி டர்பைனும் வடக்கே ஓடுகிற டர்பைனும் ஒரே தாளம். உங்க ஸ்பீக்கர் ‘உம்’மும், டெல்லியில் இருக்கிற ஒருத்தரோட ஸ்பீக்கர் ‘உம்’மும் ஒரே சுருதி. ஒலிப்பதிவில் பதிஞ்ச இந்த ‘உம்’மோட மிகச் சின்ன ஏற்ற இறக்கத்தை வச்சு, அந்தப் பதிவு எப்போ எடுத்ததுன்னு கண்டுபிடிக்கிற தடயவியல் முறைகூட உலகத்துல இருக்கு.

சரி, உங்க அறைக்கு வருவோம். டேக்ல ‘உம்’ வந்தா உடனே காசு செலவு பண்ணாதீங்க. யூஎஸ்பி வழியா பவர் எடுக்கிற டேக்னா, லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. சத்தம் நின்னா, குற்றவாளி சார்ஜரோ எர்த் சுற்றோதான், டேக் இல்லை. டேக், ஆம்ப், லேப்டாப் மூணையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போடுங்க. ஆப்டிகல் உள்ளீடு இருந்தா அதைப் பயன்படுத்துங்க. அந்தக் கேபிளில் வெளிச்சம் மட்டும்தான் போகும், மின் இணைப்பே இருக்காது, அதனால அந்த வழியா ‘உம்’ வரமுடியாது. இன்வெர்ட்டர் வாங்கினா ப்யூர் சைன் வேவ் பாருங்க. சத்தத்தை நிறுத்தறேன்னு மூணு முள் பிளக்ல எர்த் முள்ளை மட்டும் உடைச்சிடாதீங்க, அது உயிரைக் காப்பாத்துற முள். நல்லா வடிவமைச்ச டேக் தனக்கு வர்ற பவரை உள்ளேயே வடிகட்டிக்கும். டேக்கை விட விலை கூடின பவர் சப்ளை வாங்குற அளவுக்குத் தேவை பெரும்பாலும் வராது.

இது சுவத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற சுத்தம். அந்தப் பக்கத்துக்கும் ஒரு கணக்குப் போடலாம். யூஎஸ்பி டேக் ஒண்ணு 2.5 வாட் எடுக்குதுன்னு வச்சுக்குவோம். தினம் நாலு மணி நேரம், நூறு நாள் கேட்டா ஒரு யூனிட். அந்த ஒரு யூனிட் நெய்வேலிக் கரியில் வந்ததுன்னா, எரிஞ்சது சுமார் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவை எடுக்க, மேலே இருந்து ஐந்து லிட்டர் கேன் கொள்ளுகிற அளவுக்கு மேலேயே மண்ணை அள்ளியாகணும். கிரிட்டில் காற்றாலை, சூரிய ஒளி, அணு எல்லாம் கலந்துதான் வருது. அதனால உங்க கரண்ட் முழுக்க நெய்வேலின்னு நான் சொல்லலை. நம்ம தனித்தனிப் பங்கு சின்னதுதான். ஆனா அந்த மண்ணு யாரோ ஒருத்தரோட வயல்.

2023 ஜூலை கடைசியில், வளையமாதேவி கிராமத்தில் பரவனாற்றின் பாதையை மாற்றும் வாய்க்காலுக்காக, பச்சையாக நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருடங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடும் தரப்பட்டது என்றது நிறுவனம். விதைத்து வளர்ந்த பயிரை அறுக்கும்வரை பொறுக்கக்கூடாதா என்று கேட்டார்கள் விவசாயிகள். சென்னை உயர் நீதிமன்றமும் பயிர் அழிக்கப்பட்டதைப் பார்த்து வேதனை தெரிவித்தது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரச் சொன்னது. நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்டு நடத்தும் போராட்டம் அதைவிடப் பழையது, இன்னும் முடியாதது.

இதைக் கேட்டுட்டு யாரும் பாட்டை நிறுத்த வேண்டாம். நானும் நிறுத்தலை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பாட்டு கம்போஸர்கிட்ட இருந்து வருது, பாடகர்கிட்ட இருந்து வருது, ஆனா சத்தமா மாறுறதுக்கு ஒரு மண்ணும் தேவைப்படுது. க்ளீன் பவர் பத்திப் பேசும்போது, காதுக்குச் சுத்தமான்னு கேட்கிறோம். ஊருக்குச் சுத்தமா, உழுதவங்களுக்கு நியாயமா என்பதையும் அதே பேச்சில் சேர்த்துக்கலாம். நம்ம பவர் பில்லில் அந்த வரி அச்சாகி வராது, நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

உங்க ஊருக்குக் கரண்ட் எங்கிருந்து வருதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. முதல் பல்ப் எரிஞ்ச நாள் அவங்களுக்கு ஞாபகம் இருந்தா, எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.