துரப்பணம்

துளையிடும் மின்கருவிக்கு எங்கும் ‘டிரில்’ என்றே பெயர். 17-ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. மின்சாரத்தில் இயங்கும் டிரில்லுக்கு 1889-இல் மெல்பர்னில் காப்புரிமை பெறப்பட்டது. தமிழில் இதற்குத் துரப்பணம் உண்டு. துரத்தல் என்றால் துளைத்தல், குடைதல். ‘கிணறு துரவு’ என்பதிலுள்ள துரவும் இவ்வினமே. துருவுதலும் துளைத்தலே, அது தேங்காய்க்குப் போய், துருவித் துருவிக் கேட்கும் கேள்விக்கும் போய்விட்டது.

துவாரம் போன வழி வேறு. வடமொழியில் அது பெரும்பாலும் வாயில். தமிழிலோ ஓட்டையாகச் சுருங்கிற்று. தில்லியின் துவாரகாவுக்குப் பெயர் தந்த பழைய நகரம் வாயில்களால் பெயர்பெற்றது, ஓட்டைகளால் அல்ல! துரப்பணத்தை இன்று எண்ணெய்க் கிணறு எடுத்துக்கொண்டதால், கைக்கருவிக்குத் ‘துளைப்பான்’ பொருந்தும். கான்கிரீட் சுவரை இடித்துத் துளைக்கும் ‘ஹேமர் டிரில்’லைச் சுத்தியல் துளைப்பான் எனலாம்.