செம்ஸ்ஃபோர்டில் செய்தது

ஒலிபரப்பிக் கூடத்தில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவன் நான். அறிவிப்பாளரின் குரல் ஊருக்கே தெரியும். எங்களைப் பக்கத்துத் தெருவில்கூடத் தெரியாது. விடியுமுன்பே போய், வால்வுகளைச் சூடேற்றி, பிறகு உயர் அழுத்த மின்சாரம் போட்டு, கேரியர் அலை ஆடாமல் நிற்கிறதா என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்போம். நாங்கள் வேலையைச் சரியாகச் செய்தால் நாங்கள் இருப்பதே யாருக்கும் தோன்றாது.

நான் சேர்ந்த புதிதில், கூடத்தின் ஓரமாக ஓய்வு கொடுத்து நிறுத்திய பழைய ஒலிபரப்பி ஒன்று இருந்தது. ஆளுயரத்துக்கும் மேலான சாம்பல் நிற இரும்பு அலமாரி. அதன் தகட்டில் ‘மார்க்கோனி, செம்ஸ்ஃபோர்டு’ என்று பொறித்திருக்கும். எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணாச்சி ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். “ஓடுதோ ஓடலையோ, எல்லாத்துக்கும் இதுதாம்ல தாத்தா” என்பார்.

மகள் எசெக்ஸில் குடியேறியதால் அந்தத் தாத்தாவின் ஊரைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயிலேறினால் முக்கால் மணி நேரத்துக்குள் செம்ஸ்ஃபோர்டு வந்துவிடும். ஸ்டேஷனை ஒட்டியே நியூ ஸ்ட்ரீட். 1912இல் கட்டிய மார்க்கோனி ஆலையின் செங்கல் முகப்பு அப்படியே நிற்கிறது. பின்னால் இருந்த பட்டறைகள் 2013 வாக்கில் இடிபட்டு, இப்போது அந்த இடத்தில் குடியிருப்புகள். மகள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இங்கேதானே செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றியிருப்பார்கள்!

மார்க்கோனி என்ற மனிதரைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். 1874இல் இத்தாலியின் பொலோன்யாவில் பிறந்தவர். 1896இல் இங்கிலாந்து வந்தவர். 1909இல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். எனக்கு அவரைவிட அவருடைய பட்டறையே முக்கியம். 1897இல் கம்பெனியைத் தொடங்கி, மறு வருஷமே செம்ஸ்ஃபோர்டின் ஹால் ஸ்ட்ரீட்டில் பட்டு ஆலையாக இருந்த கட்டடம் ஒன்றைப் பிடித்தார்கள். உலகத்தின் முதல் கம்பியில்லாக் கருவித் தொழிற்சாலை அதுதான். பட்டு நூல் சுற்றிய கட்டடத்தில் செப்புக் கம்பி சுற்றினார்கள்.

கப்பல்களெல்லாம் கம்பியில்லாத் தந்தி கேட்கத் தொடங்கியதும் அந்த இடம் போதவில்லை. நியூ ஸ்ட்ரீட் ஆலையை 17 வாரத்தில் கட்டி முடித்தார்கள். 1912 ஜூனில், லண்டனில் கூடிய சர்வதேச வானொலித் தந்தி மாநாட்டுப் பிரதிநிதிகள் வந்து பார்த்தார்கள். டைட்டானிக் மூழ்கி இரண்டே மாதம் ஆகியிருந்தது. அதில் கடைசிவரை தந்தி அடித்துக்கொண்டிருந்த ஜாக் ஃபிலிப்ஸும் ஹரோல்டு பிரைடும் இந்தக் கம்பெனியின் ஆட்கள். ஃபிலிப்ஸ் கரை சேரவில்லை.

நியூ ஸ்ட்ரீட்டின் பெரிய வருஷம் 1920. எச்.ஜே. ரௌண்ட் என்ற பொறியாளர் வால்வு ஒலிபரப்பி ஒன்றை வடிவமைத்திருந்தார். மனிதக் குரலை எவ்வளவு தூரம் அனுப்ப முடியும் என்று சோதிக்க வேண்டும். டிச்சம் என்பவர் மைக்கின் முன் உட்கார்ந்து ரயில் கால அட்டவணையிலிருந்து ஸ்டேஷன் பெயர்களை வாசிப்பார். தினமும் அதையே வாசித்தால் யாருக்கும் சலிக்கும். பாட்டு வைத்தால் என்ன என்று தோன்றியது. ஊரிலேயே இருந்த ஹாஃப்மன் பால் பேரிங் ஆலையில் வேலை பார்த்த வினிஃப்ரெட் சேயர் என்ற பெண் நன்றாகப் பாடுவார். அவரை அழைத்துவந்து பாடவைத்தார்கள். ஒரு தொழிற்சாலைப் பெண்ணின் குரல் இன்னொரு தொழிற்சாலையிலிருந்து வானேறியது. இந்த ஒரு சேதிக்காகவே நான் செம்ஸ்ஃபோர்டை நேசிக்கிறேன்.

உலகம் நினைவில் வைத்திருப்பது அடுத்து வந்தவரை. 1920 ஜூன் 15 மாலை, ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பாடகி நெல்லி மெல்பா அதே ஆலையில் பாடினார். டெய்லி மெயில் பத்திரிகை அவருக்கு 1,000 பவுன் கொடுத்தது. 450 அடி உயரக் கோபுரங்களைக் காட்டியபோது, தன்னை அவற்றின்மேல் ஏறிப் பாடச் சொல்கிறார்கள் என்று நினைத்து மறுத்துவிட்டாராம். மைக் என்பது அன்று கடையில் கிடைக்கும் சாமான் அல்ல. டெலிபோனின் வாய்ப்பகுதியில், சுருட்டுப் பெட்டிப் பலகையால் செய்த கூம்பைப் பொருத்திக் கொடுத்தார்கள். ஒலிபரப்பியின் சக்தி 15 கிலோவாட். பாட்டு பாரிஸ்வரை தெளிவாகக் கேட்டது. வால்வு ஒன்று நடுப்பாட்டில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் போன்றவனுக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

விமானங்களின் தகவல்தொடர்புக்கு இடைஞ்சல் என்று சொல்லி, அந்த வருஷமே தபால் துறை இந்த ஒலிபரப்புகளை நிறுத்திவைத்தது. ஆர்வலர்கள் மனுமேல் மனு போட்டபின், 1922 பிப்ரவரி 14 அன்று பக்கத்துக் கிராமமான ரிட்டிலில், ராணுவம் கழித்துவிட்ட மரக்குடிலிலிருந்து வாரம் அரை மணி நேரம் ஒலிபரப்ப அனுமதி கிடைத்தது. அதிலும் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பத்து நிமிஷத்திலும் மூன்று நிமிஷம் ஒலிபரப்பியை அணைத்துவிட்டு, நிறுத்தச் சொல்லி அரசு ஆணை வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். பீட்டர் எக்கர்ஸ்லி என்ற பொறியாளரே அங்கே பாடுவார், பேசுவார், நாடகம் போடுவார். பிபிசி அதே வருஷம் பிறந்தபோது, அதைத் தொடங்கிய கம்பெனிகளில் மார்க்கோனியும் ஒன்று. எக்கர்ஸ்லி அதன் முதல் தலைமைப் பொறியாளர் ஆனார்.

நம் பக்கம் வருவோம். 1927இல் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி ஜூலையில் பம்பாயிலும் ஆகஸ்டில் கல்கத்தாவிலும் நிறுவிய 1.5 கிலோவாட் ஒலிபரப்பிகள் மார்க்கோனியுடையவை. மூன்றே வருஷத்தில் அந்தக் கம்பெனி நொடித்துப்போக, அரசு ஏற்று நடத்தியது. கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில், போர் முடிந்த சமயம் படைவீரர்களின் வானொலிக்காக நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பியும் மார்க்கோனிதான். பின்னால் அது இலங்கை வானொலியின் சொத்தாயிற்று. சிறுவயதில் இலங்கை வானொலியே கதியென்று கிடந்தவன், அதன் இரும்பு எங்கே வார்க்கப்பட்டது என்று அறுபது வயதுக்குமேல் தெரிந்துகொண்டேன்.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். 1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் பிபிசி தன் தொலைக்காட்சியைத் தொடங்கியபோது, இரண்டு முறைகள் வாரம் மாற்றி வாரம் போட்டியிட்டன. படத்தை 240 கோடுகளாகப் பிரிக்கும் ஜான் லோகி பேர்டின் முறை ஒரு பக்கம். மார்க்கோனியும் இஎம்ஐ கம்பெனியும் சேர்ந்து கொண்டுவந்த 405 கோடு மறுபக்கம். காமிரா இஎம்ஐயின் சாதனை. பட ஒளிபரப்பி செம்ஸ்ஃபோர்டின் சாதனை. ஒலிக்கு அலைவரிசையில் 10 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். 405 கோட்டுப் படத்துக்கு 2 மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் வேண்டும். ஒற்றையடிப் பாதை போட்டுப் பழகியவர்களிடம் தேரோடும் வீதி கேட்ட மாதிரி. அவ்வளவு அகலத்தையும் 45 மெகாஹெர்ட்ஸில், பெரிய சக்தியில் அனுப்பிக் காட்டினார்கள். 1937 பிப்ரவரியில் பேர்டு முறை கைவிடப்பட்டது. போர்க்காலத்தில் ஒளிபரப்பு நின்றிருந்தது. ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்டிய வானலையைக் குழப்ப அந்த நிலையத்தையே பயன்படுத்தினார்கள். 1946 ஜூனில் அது மறுபடி படம் காட்டத் தொடங்கியது.

அந்த 1946இலேயே இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பெனி மார்க்கோனியை வாங்கியது; 1968இல் இரண்டும் ஜிஇசி என்ற கம்பெனிக்குள் போயின. காமிராவும் ஒலிபரப்பியும் உலகமெங்கும் போய்க்கொண்டுதான் இருந்தன. 1999இல் ஜிஇசி தன் பாதுகாப்புத் துறைத் தொழிலை பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்குக் கொடுத்துவிட்டு, மீதிக்கு மார்க்கோனி என்று பெயர் சூட்டியது. அமெரிக்காவில் டெலிகாம் கம்பெனிகளை எக்கச்சக்க விலைக்கு வாங்கியது. அந்தச் சந்தை சரிந்ததும், 12 பவுனைத் தாண்டியிருந்த பங்கு சில பென்னிக்கு வந்தது. மிஞ்சியதில் பெரும்பகுதியை 2005இல் எரிக்சன் வாங்க ஒப்புக்கொண்டது. நியூ ஸ்ட்ரீட் ஆலை 2008இல் மூடப்பட்டது. ஒலிபரப்பி செய்யத் தெரியாமல் கெட்ட ஆலை அல்ல இது. காயில் சுற்றிய கைகளிடம் யாரும் கலந்துபேசவில்லை. எனக்கு இது ஆறவில்லை.

இரண்டாம் முறை போனபோது, சாண்ட்ஃபோர்டு மில் அருங்காட்சியகத்துக்கு மகளைக் கூட்டிப்போகச் சொன்னேன். ரிட்டில் குடில் அங்கேதான் இருக்கிறது. ஒலிபரப்பு நின்றபின் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய், விளையாட்டு மைதானக் கொட்டகையாகப் பல காலம் பிள்ளைகளுக்குப் பயன்பட்டு, பிறகு இங்கே வந்து சேர்ந்ததாம். நீளமான, தாழ்ந்த மரக்கட்டடம். “அப்பா, இவ்வளவுதானா?” என்றாள் மகள். ஒலிபரப்பி எந்தப் பக்கம் இருந்திருக்கும், எக்கர்ஸ்லி எங்கே உட்கார்ந்திருப்பார், மூன்று நிமிஷம் அணைத்துவிட்டு எங்கே காது வைத்திருப்பார் என்று ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டத் தொடங்கினேன்.